சைகோன்காரி

"தோளை மட்டும் புடிச்சு இழுக்காத தம்பி. ஒரு கை தோளுக்கு, ஒரு கை இடுப்புக்கு. ம்... இப்ப உன் பக்கமா உருட்டு."

ரோசாலி கண்ணைத் திறக்காமலே சொல்லிக்கொடுத்தாள். இக்னாஸ் அப்படியே செய்தான். அக்காவின் உடம்பு எடையே இல்லாமல் அவன் பக்கம் உருண்டு வந்தது. மறுபுறம் நின்ற லியென் ஈரத்துணியால் முதுகைத் துடைத்து, பவுடர் தூவி, ஒரு தலையணையை அணைவாகச் செருகினாள்.

"முழங்காலுக்கு நடுவுல ஒண்ணு வைக்கச் சொல்லு. எலும்போட எலும்பு ஒரசினா புண்ணாயிடும்."

இதை அவள் லியெனிடமே சொல்லியிருக்கலாம். சைகோனில் பிறந்து, முப்பத்திரண்டு வயதுவரை அங்கேயே இருந்தவள். வியட்நாமியம் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் இரண்டு நாளாக அவள் வாயில் தமிழ் மட்டுமே வந்தது. இக்னாஸ் மனைவிக்கு மொழிபெயர்த்துச் சொன்னான். அதற்குள் லியென் தலையணையை வைத்துவிட்டிருந்தாள்.

கணையத்தில் கட்டி. காரைக்காலில் ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, "நாலு மாசம்" என்று டாக்டர் சொல்லும் முன்னால் அவளே சொல்லிவிட்டாளாம். பிறகு இக்னாஸுக்குப் போன் செய்தாள். முப்பத்தெட்டு வருடத்தில் அவள் தானாகப் போன் செய்தது அதுதான் முதல் தடவை.

"உங்க வீட்டுல வந்து இருக்கலாமா தம்பி?"

முடியாது என்று சொல்ல வார்த்தையைத் தயாராகத்தான் வைத்திருந்தான். பக்கத்தில் கஞ்சிப் பானையைக் கழுவிக்கொண்டிருந்த லியென், யார் என்று கேட்டாள். சொன்னான். "வரச் சொல்லு" என்று சொல்லிவிட்டு மறுபடி பானையைத் தேய்க்கத் தொடங்கினாள்.

சைகோனின் நான்காம் வட்டத்துச் சந்து வீடு அது. ஒரே அறை, மேலே ஒரு பரண். தெருவில் இரண்டு மோட்டார் சைக்கிள் எதிரெதிரே வந்தால் ஒன்று நின்று வழிவிட வேண்டும். முன்னாள் எம்.எல்.ஏ. ரோசாலி ஒரே ஒரு பெட்டியோடு அந்தச் சந்தில் இறங்கி நடந்து வந்தாள்.

அவள் சைகோனை விட்டுப் போனபோதும் ஒரு பெட்டிதான். எழுபத்தாறில், இந்தியர்களை ஏற்றிப் போன விமானம் ஒன்றில் இடம் கிடைத்தது. அதுவரை குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்தாள். அப்பா இறந்ததும் தூதரகத்துக்கு நடையாய் நடந்து இந்தியப் பாஸ்போர்ட் வாங்கிவைத்திருந்தவள் அவள் மட்டுமே. இக்னாஸ் அப்போதுதான் லியெனைக் கட்டியிருந்தான். அவளுக்கு அந்த விமானத்தில் இடமில்லை, அவனும் ஏறவில்லை. "போயி ஏதாவது வழி பண்றேன்டா" என்று சொல்லிவிட்டுப் போனாள் ரோசாலி.

அப்பாவின் ஊரான காரைக்கால் பக்கம் ஒரு சின்ன அரசு மருத்துவமனையில் அவளுக்கு வேலை கிடைத்தது. அடுத்த வருடம் புயல். வெள்ளம் வடிந்ததும் வாந்திபேதி. குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்துபோக, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் குடத்தில் எடுத்துக்கொண்டு சேறு மிதித்துக் குடிசை குடிசையாகப் போய்ப் பிள்ளைகளுக்குக் கரண்டியால் புகட்டினாள். பதினோரு நாள். நர்சம்மா என்று ஊர் கூப்பிட ஆரம்பித்தது அப்போதுதான். எண்பதில் ஒரு கட்சி வீடு தேடி வந்து நிற்கச் சொன்னது. இருநூற்றுச் சொச்சம் ஓட்டில் ஜெயித்தாள்.

மூன்று தடவை சட்டசபையில் இருந்தாள். மேடைப் பேச்சு அவளுக்கு வராது. கேள்விதான் கேட்பாள். தடுப்பூசி வைக்கிற குளிர்பெட்டிக்கு எத்தனை மணி நேரம் கரண்ட் வருகிறது? பிரசவ வார்டில் எத்தனை கட்டில், அதில் எத்தனைக்கு மெத்தை? பதில் வாசிக்கிற மந்திரி தண்ணீர் குடித்துக்கொள்வாராம். முப்பது கட்டிலோடு ஒரு பிரசவ ஆஸ்பத்திரியைத் தொகுதிக்கு வாங்கித் தந்தாள். திறப்பு விழாவன்று மந்திரி ரிப்பன் வெட்டிக்கொண்டிருக்க, இவள் உள்ளே போய்க் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்தாளாம்.

இதையெல்லாம் இக்னாஸ் அவள் சொல்லித் தெரிந்துகொள்ளவில்லை. ஊருக்குப் போய்வந்தவர்கள் பெருமையாகச் சொன்னார்கள். அவன் கேட்டுக்கொண்டான்.

எதிர்க்கட்சிக்காரர்கள் அவளைச் சைகோன்காரி என்றார்கள். சுவரில் எழுதினார்கள். பிறகு கோர்ட்டுக்கே போனார்கள்: இவள் அப்பன் பிரெஞ்சுக் குடிமகன், இவள் பிறந்தது அந்நிய நாட்டில், இவள் எப்படி இங்கே எம்.எல்.ஏ. ஆக முடியும்? அவள் காரைக்காலில் பிறந்தவள் என்று கட்சி வக்கீல் பதில் போட்டார். வழக்கு மூன்று வருடம் இழுத்தது.

அந்த மூன்று வருடத்தில்தான் இக்னாஸ் ஏழு கடிதம் எழுதினான்.

நகரத்தில் வேலை இல்லாதவர்களை அரசாங்கம் காட்டோரம் அனுப்பிக்கொண்டிருந்த காலம். இவர்களையும் அனுப்பினார்கள். மூங்கிலை வெட்டி, மரவள்ளி நட்டு, கீற்றுக் குடிசையில் இருந்தார்கள். கைக்குழந்தையாகப் போன மகள் பொலேத் அங்கேதான் ஓடப் பழகினாள். பிரெஞ்சுக் குடிமகனின் மகன் என்று நிரூபித்தால் பெண்டாட்டி பிள்ளையோடு பிரான்சுக்கு அனுப்புகிறோம் என்று தூதரகத்தில் சொன்னார்கள். அப்பாவின் பத்திரங்கள் சண்டையில் போய்விட்டன. நகல், ஊர் மெரியில், அதாவது நகராட்சி ஆபீஸில்தான் இருக்கும். அக்கா அங்கே எம்.எல்.ஏ. அவள் கேட்டால் அரை நாளில் கிடைக்கும்.

ஆறு கடிதத்துக்குப் பதில் இல்லை. ஏழாவதற்கு வந்தது. 'அன்புள்ள தம்பி, ஏட்டைக் கரையான் அரித்துவிட்டதாம். கிடைக்கவில்லை. ஆண்டவர் உங்களைக் காப்பார்.' நாலே வரி. கூடவே, மலேரியா மாத்திரையை எப்படிக் கொடுப்பது, எந்த வயதுக்கு எவ்வளவு என்று தனித்தாளில் ஒரு பக்கம்.

அந்தக் கடிதம் வருவதற்கு இருபது நாள் முன்பு பொலேத் காய்ச்சலில் போய்விட்டாள். ஐந்து வயது. மாத்திரை கிடைக்கிற இடம் இரண்டு நாள் நடை.

இரண்டு வருடம் கழித்து இன்னொரு கடிதம் வந்தது. அனுப்பியவர் கரியமாணிக்கம், மெரியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், அப்பாவின் பழைய சிநேகிதர். 'உன் தகப்பனாரின் பத்திர நகலை உன் தமக்கை கையிலேயே கொடுத்தேன். வந்து சேர்ந்ததா? நீங்கள் பிரான்சுக்குப் போய்விட்டீர்களா?'

இக்னாஸ் அதை அடுப்பில் போட்டான். லியெனிடம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. நகரத்துக்குத் திரும்பி வந்து, அவன் பென்தான் என்ற பெரிய சந்தையின் வாசலில் மோட்டார் சைக்கிளில் சவாரி ஏற்றினான். அவள் சந்தில் கஞ்சி விற்றாள்.

இப்போது மூன்று மாதமாக அக்கா அவன் கட்டிலில் கிடந்தாள். அவள் சொல்வாள் என்று அவன் காத்திருந்தான். மன்னிப்புக்கூட வேண்டாம், அவள் வாயால் உண்மை வந்தால் போதும் என்றுதான் நினைத்தான். அவளோ மருந்து அளவைப் பற்றிப் பேசினாள், சந்துப் பிள்ளைகளின் சொறியைப் பற்றிப் பேசினாள். யார் வீட்டில் பிரசவம் என்று லியெனிடம் விசாரித்தாள். அதை மட்டும் பேசவில்லை.

அன்று மதியம் லியென் குழாயடிக்குப் போயிருந்தாள். மழை வரும்போல் இருட்டிக்கொண்டிருந்தது. ரோசாலி கண்ணைத் திறந்தாள்.

"தம்பி."

"தண்ணி வேணுமாக்கா?"

"வேணாம். கிட்ட வா. அப்பாவோட அந்தத் தாளு..."

இக்னாஸ் முப்பது வருடமாக எதிர்பார்த்திருந்த பேச்சு, ஓலைபோல் உலர்ந்த அந்த உதட்டில் வந்து நின்றது.

"அது எங்கிட்ட..."

"பேசாதக்கா. மூச்சு வாங்குது பாரு. தூங்கு."

"இல்லடா, கேளு..."

"எல்லாம் அப்புறம் பேசிக்கலாம். தூங்கு நீ."

போர்வையை இழுத்து அவள் கழுத்துவரை மூடினான். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வையைத் தாங்க மாட்டாமல் எழுந்துபோய், வாசலில் காய்ந்த துணிகளை எடுத்து மடித்தான். எடுக்க வேண்டிய அவசரம் இருந்தது, மழை வந்துகொண்டிருந்தது. ஆனாலும் ஒவ்வொன்றையும் ஓரம் சேர்த்து, நீவி, மெதுவாகவே மடித்தான்.

மூன்றே கால் மணிக்கு ரோசாலி இறந்துபோனாள். லியென்தான் முதலில் கண்டாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நாடி பிடித்துப் பார்த்தாள். அப்படிப் பார்க்க ரோசாலிதான் கற்றுக்கொடுத்திருந்தாள். பிறகு அவனைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள்.

மழை தகரத்தில் கொட்டியது. லியென் வெந்நீர் வைத்தாள். இருவருமாகக் குளிப்பாட்டினார்கள். ஒரு கை தோளுக்கு, ஒரு கை இடுப்புக்கு. லியென் காதுமடலுக்குப் பின்னால், விரலிடுக்குகளில் எல்லாம் பொறுமையாகத் துடைத்தாள். பெற்ற பிள்ளையைக் குளிப்பாட்டுகிற பக்குவம். அதைப் பார்க்கப் பார்க்க இக்னாஸுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"உனக்கு ஒண்ணு தெரியாது" என்றான் வியட்நாமியத்தில். "இவங்களுக்கு நீ இவ்வளவு செய்ற. ஆனா அந்தக் காலத்துல..."

"தாளு கெடச்சும் அனுப்பல. அதானே?"

அவன் கையிலிருந்த துணி நின்றது.

"வந்த பத்தாம் நாளே சொல்லிட்டாங்க. நீ சவாரிக்குப் போயிருந்த. கேஸு நடந்துச்சாம். அப்பா பிரெஞ்சுக் குடிமகன்னு காட்டுற அந்தத் தாளு வெளிய வந்தா பதவி போயிரும்னு பயந்து பெட்டியிலயே வச்சுட்டாங்களாம். இன்னும் ஆறு மாசம், கேஸு முடியட்டும், அப்புறம் அனுப்பலாம்னு நெனச்சாங்களாம். அதுக்குள்ள பொலேத் போன சேதி வந்துருச்சு."

"நீ என்ன சொன்ன?"

லியென் துணியைப் பிழிந்தாள்.

"அப்பவும் குளிப்பாட்டிட்டுதான் இருந்தேன். முதுகெல்லாம் சோப்பு. கையை எடுத்துட்டேன். ரொம்ப நேரம் எடுத்துட்டேன். அப்புறம் தண்ணி ஆறிப்போச்சு, அவங்களுக்கு நடுங்க ஆரம்பிச்சுது. ஊத்தி முடிச்சேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லக்கூடாதுன்னாங்க. தம்பிகிட்ட நானே சொல்லணும், தைரியம் வரல, வந்ததும் சொல்றேன்னாங்க." அவள் நிமிர்ந்தாள். "சொன்னாங்களா?"

மழைச் சத்தம் பெரிதாக இருந்தது. இக்னாஸ் அக்காவின் பாதத்தைத் துடைத்தான். துடைத்த பாதத்தையே மறுபடி துடைத்தான்.

"ஆரம்பிச்சாங்க" என்றான் கடைசியில்.

லியென் உலர்ந்த துணியை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

ஐந்து மணிக்கு ஊரிலிருந்து அகுஸ்தேன் பேசினான். ரோசாலிக்கு இருபது வருடம் உதவியாளனாக இருந்தவன். தேம்பித் தேம்பி அழுதான். உடலை அனுப்ப முடியுமா, மாலை வைக்க ஊரே காத்திருக்கிறது என்றான். இங்கேயே அடக்கம் செய்யச் சொல்லியிருக்கிறாள் என்று இக்னாஸ் சொன்னான். கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"பேப்பருக்குக் குடுக்கணும்ண்ணே. நாப்பத்தி நாலுல பொறந்தாங்க, சரிங்களா? பொறந்த ஊரு..." குரல் தயங்கியது. "காரைக்கால்னே போட்டுடலாங்களா? கேசுலயும் அப்படித்தான் சொல்லியிருந்தோம். இப்ப போயி யாரும் எதுவும் பேசிறக் கூடாதில்லீங்களா."

இக்னாஸ் சுவரைப் பார்த்தபடி நின்றான். இந்த ஒரு கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உரக்கப் பதில் சொல்ல மாட்டோமா என்று காட்டிலும் சந்தை வாசலிலும் எத்தனையோ நாள் நினைத்ததுண்டு.

"அப்படியே போடுங்க" என்றான்.

"அம்மா படம் ஒண்ணு அனுப்புறேண்ணே. அங்க வேணுமில்ல."

மாதா கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயிற்பிள்ளை சாவுக் குறிப்பேட்டோடு வந்தபோது மழை விட்டிருந்தது. பெயர் எழுதிக்கொண்டு, பிறந்த ஊர் என்ன என்று கேட்டான். இக்னாஸ் வாயைத் திறக்குமுன் லியென் "சைகோன்" என்றாள்.

அகுஸ்தேன் அனுப்பியது ஓட்டுக் கேட்டு அடித்த நோட்டீஸின் படம். வெள்ளைக் கதர்ச் சேலையில், தலை நரைக்காத ரோசாலி கும்பிட்டுக்கொண்டு நின்றாள். இக்னாஸ் அதைத் தெருமுனைப் படக்கடைக்கு எடுத்துப்போனான். இறந்தவர் படத்துக்கு முகம் மட்டும்தான் இருக்க வேண்டும் என்று கடைக்காரன் கழுத்துக்குக் கீழே வெட்டி, பின்னால் இருந்த எழுத்தையெல்லாம் அழித்து, நீலமாக்கி, ஒரு மணி நேரத்தில் சட்டம் போட்டுக் கொடுத்தான்.

சந்துக்காரர்கள் பிளாஸ்டிக் முக்காலிகளைக் கொண்டுவந்து ஈரம் துடைத்துப் போட்டார்கள். லியென் சவப்பெட்டியின் தலைமாட்டில் படத்தை நிறுத்தி, மெழுகுவர்த்தி ஏற்றி, வெள்ளைச் சாமந்தி வைத்த ஜாடியை முன்னால் வைத்தாள். இக்னாஸ் எதிரே உட்கார்ந்தான். கடைக்காரன் சரியாக வெட்டவில்லை. படத்தின் அடியில், மோவாய்க்குச் சற்றுக் கீழே, கும்பிட்ட கைகளின் விரல் நுனிகள் தெரிந்தன. பூ பாதி மறைத்திருந்தது.

லியெனும் அதைப் பார்த்திருக்க வேண்டும். எழுந்துபோய், விரல்கள் தெரியும்படி ஜாடியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.