தையலுக்கு விட்ட அரை அங்குலம்

1

மேசையின் தலைப்பக்கம் மேலாளர். அவருக்கு வலப்புறம் வெட்டுமேசை மேற்பார்வையாளர். இடப்புறம், மடிக்கணினியோடு நிரல் எழுதியவர். ஜன்னலோரம் மேலாளரின் மைத்துனர், காரணமே இல்லாமல். நாற்காலிகள் அத்தோடு தீர்ந்தன. அந்த ஆடைத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாகக் கணினியில் சட்டை அளவு வரையும் என் தங்கை, ஒரு துணி உருளையைக் காலால் உருட்டி வந்து அதன்மேல் உட்கார்ந்தாள்.

நான் அங்கே இல்லை. எல்லாம் அவள் சொன்னதுதான். "கதை எழுதுறேன்னு திரியுறியே அண்ணே, இதை எழுது. ஆனா முதல்ல முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதிக் குடு" என்றாள். இரண்டையும் ஒரே நோட்டில் தொடங்கியது என் தவறு.

2

அறுநூறு பிள்ளைச் சட்டைகளுக்கான துணி, தையலுக்கு விடும் அரை அங்குலம் இல்லாமல் வெட்டப்பட்டுவிட்டது. மேலாளர் ஒரு தாளை நீட்டினார்: ‘இடம் விட மறந்தது நானே.’ கையெழுத்துப் போட்டால் நூல் பிசிறு வெட்டும் மேசைக்கு மாற்றம். போடாவிட்டால் வெள்ளிக்கிழமையோடு வேலை இல்லை.

"பத்தொன்பது வருஷத்துல ஒரு சட்டைக்காவது விடாம இருந்திருக்கேனா சார்?"

"வயசாகுதில்லம்மா, மறதி வரும்" என்றார் மைத்துனர்.

"உங்களை யாரு இங்க கூப்பிட்டாங்கன்னு நீங்க மறந்த மாதிரியா?"

3

இதைக் கேட்டபின் அவள் வெளியே வந்து, கண்கள் குளமாக

வாக்கியம் முடியவில்லை. நோட்டைப் பிடுங்கிப் படித்துவிட்டாள்.

"நான் எப்ப அழுதேன்?"

"கதைக்கு…"

"என்னைக் கேட்டியா? பக்கத்துலதானே உட்கார்ந்திருக்கேன்!"

கேட்கவில்லை. இந்த இடத்தில் பெண்கள் அழுவார்கள் என்று என்னிடம் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருந்தது. அதைப் பார்த்து எழுதினேன்.

[இந்தப் பகுதியைக் கிழிக்க நினைத்தேன். அடுத்ததை எழுதிய பிறகு மனம் வரவில்லை.]

4

கணினியிலும் பட்டியல்தான் கதை. இரண்டு இருக்கின்றன. ஒவ்வொரு மென்பொருளும் உள்ளே நுழையும்போது, ‘இந்த வகைக் கோப்பை நான் திறப்பேன்’ என்று எழுதிவைப்பது ஒன்று. அந்த இருக்கையில் வேலை செய்பவர், ‘இல்லை, இனி இதில்தான் திற’ என்று தேர்ந்தெடுப்பது மற்றது. தங்கை தேர்ந்தெடுத்திருந்தாள். அவள் கோப்பைத் தட்டினால் சரியாகத்தான் திறக்கும்.

புது நிரல் வந்தது. பொத்தானை அமுக்கினால், அந்த வகைக் கோப்பைத் திறப்பது எந்த மென்பொருள் என்று தானே கண்டுபிடித்து, அதன் வழியாக வெட்டும் இயந்திரத்துக்கு அனுப்பும். நிரல் முதல் பட்டியலை மட்டுமே கேட்டது; தங்கை தேர்ந்தெடுத்ததைக் கேட்கவில்லை. யாரும் தொடாத ஒரு பழைய மென்பொருள் அதில் இன்னும் பெயர் போட்டு உட்கார்ந்திருந்தது. அதற்குத் தையல் கோடு புரியும். தையல் கோட்டுக்கு வெளியே அரை அங்குலம் தள்ளி விடும் வெட்டுக்கோடு புரியாது. புரியவில்லை என்று சொல்லவும் இல்லை. திரையில் எதையும் காட்டாமல் கோட்டை விழுங்கிவிட்டது.

* தங்கை இதைப் பிடித்த விதம்: ஒரே காலரை இரண்டு முறை காகிதத்தில் வெட்டினாள். ஒன்று தானே தட்டித் திறந்து; இன்னொன்று பொத்தானை அமுக்கி. ஒன்றின்மேல் ஒன்றை வைத்தாள். சுற்றிலும் அரை அங்குல வித்தியாசம். ஏன் என்பதை நிரல் எழுதியவரின் வாயிலிருந்தே பிடுங்கினாள்.

5

நிரல் எழுதியவரை வில்லனாக்கி மீசை வைத்துப் பார்த்தேன். அவருக்கு மீசையே இல்லை என்றாள். எனவே மாடிப்படியில் நடந்ததை அப்படியே தருகிறேன்.

"கம்ப்யூட்டரைக் கேட்டேன்க்கா. அது சொன்னதை நம்பினேன்."

"அது முன்னாடி ஒருத்தி உட்கார்ந்திருக்கேனே, நான் என்ன தூணா?"

"ரெண்டு வரி மாத்தினா போதும். நாளைக்கே மாத்திடறேன்."

"மாத்து. அதை உள்ள போய்ச் சொல்லு."

அவர் படிகளைப் பார்த்தார். "அப்புறம் என்னை வேலைக்குக் கூப்பிட மாட்டாங்கக்கா."

இதை எழுதும்போது பேனா முனை தாளைக் கிழித்தது. அவர் கெட்டவர் இல்லை. அதுதான் இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.

6

முடிவுகள்:

அ) அவர் திரும்பி உள்ளே போய் உண்மையைச் சொல்கிறார்.

ஆ) மேலாளர் இரண்டு காலர்களையும் பார்த்துத் தலை குனிகிறார்.

இ) அவள் அந்தத் தாளைச் சுக்குநூறாகக்

"மூணும் புளுகு" என்றாள். "கதையை எப்படி வேணா முடி. கடிதத்தை நான் சொல்றபடி முடி."

முதலாளிக்கான கடிதத்தை ‘மிகுந்த பணிவுடன்’ என்று தொடங்கியிருந்தேன். அடித்தாள். ‘தவறிருந்தால் மன்னிக்கவும்’ என்பதையும் அடித்தாள். மிஞ்சியது இது:

‘நான் இடம் விட்டுத்தான் வரைந்தேன். இத்துடன் இருக்கும் இரண்டு காலர்களும் ஒரே கோப்பிலிருந்து வெட்டியவை. பெரியது நான் திறந்தது. சிறியது உங்கள் நிரல் திறந்தது. நிரல் எழுதியவரை எல்லார் முன்னிலையிலும் கேளுங்கள். கையெழுத்துப் போட மாட்டேன். திங்கட்கிழமை என் இருக்கைக்கு வருவேன்.’

திங்கட்கிழமை வாசலில் என்ன நடக்கும்? எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்த முதலாளி ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் என்ன செய்வாரோ, அதுவே முடிவு. நல்ல முடிவாக வராவிட்டால் என்னைத் திட்டாதீர்கள்.

தபால் நிலையம் மூட இன்னும் பத்து நிமிடம். பெரிய உறையின் விளிம்பில் பசை தடவி, சட்டைப் பட்டியை அமுக்குவது போல நகத்தால் இழுத்து ஒட்டினாள்.

"உள்ள என்ன?" என்றார் பதிவுத் தபால் வாங்கும் ஊழியர்.

"காலர். மடங்காமப் போய்ச் சேரணும்."

முத்திரையை ஓங்கிக் குத்தி, உறையைப் பைக்குள் போட்டார்.