சகலையின் ஜி ஷார்ப்

கிதாரில் எனக்குத் தெரியாத கார்டு, அதாவது சுரக்கூட்டு, இல்லை. எதற்குப் பின் எது வரும், ஏன் வரும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் நான் வாசிக்க உட்கார்ந்தால் என் மனைவி மிக்ஸியைப் போடுவாள். அதே மகராசி, தன் தங்கை புருஷன் வாசித்தால் கரண்டியை வைத்துவிட்டு வந்து நிற்பாள்.

சகலைக்கு லிஃப்ட் ரிப்பேர் வேலை. ஸ்கேல் என்றால் சுர வரிசை என்று தெரியாமல், கோடு போடுகிற ஸ்கேல் என்றே நெடுநாள் நினைத்திருந்தவர். அவர் வாசிக்கும்போது எனக்கு வயிறு எரியும். மறைத்து என்ன ஆகப் போகிறது?

நானும் சகலையும் இருக்கும் பேண்டில் டிரம்ஸ் வாசிப்பவர் ஒரு பல் டாக்டர். அவர் வைத்ததுதான் சட்டம். புதுப் பாட்டில் பதினாறு பார், அதாவது பதினாறு தாளச் சுற்று, கிதார் தனியாக வாசிக்கும் சோலோ ஒன்று வந்தது. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் வாசித்துக் காட்ட வேண்டும், ஒருவருக்குத்தான் கிடைக்கும். பன்னிரண்டு வருடமாகப் பின்னணியில் ரிதம் மட்டுமே அடித்தவன் நான். ஒரு மாதம் கதவைச் சாத்திக்கொண்டு பழகினேன்.

வெள்ளிக்கிழமை சகலை என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்தார்.

"சகலை, கடைசி நாலு பார்ல கை எங்க போறதுன்னே தெரியல. எந்த சுரம் பிடிக்கணும்னு எழுதிக் குடுங்களேன்."

போட்டிக்கு நிற்பவனிடமே வந்து கேட்கிறார்! பாட்டு ஏ மைனர். அந்த இடத்தில் ஈ மேஜர் கார்டு வரும், அதற்குப் பொருந்துவது ஜி ஷார்ப். கண் பவர் எழுதும் சீட்டில், பவர் எழுதும் அதே நிதானத்தோடு, வெறும் ஜி என்று எழுதினேன். அரைச் சுரம் கீழே. அங்கே நின்றால் நாராசமாக இருக்கும்.

"இங்க வந்து நல்லா நின்னு பிடிங்க," என்றும் சொன்னேன்.

ஞாயிறன்று டாக்டரின் கிளினிக் மாடியில் முதலில் நான் வாசித்தேன். தெரிந்த அத்தனையையும் பதினாறு பாருக்குள் திணித்தேன். ஒரு சுரம் தப்பவில்லை. டாக்டர், "கரெக்டா இருக்கு," என்றார். அவ்வளவுதான்.

அடுத்து சகலை, நான் ரிதம். நாலு சுரம் வாசித்து ஒரு மூச்சு விட்டார், அவசரமே இல்லை. கடைசி இடத்தில் ஜியைப் பிடித்தார். சோற்றில் கல் கடித்த மாதிரி இருந்தது. விரலை எடுத்துவிடுவார் என்று காத்திருந்தேன். எடுக்கவில்லை. அங்கேயே நின்று கம்பியை மெல்ல மேலே தள்ளினார். ஜி அழுதுகொண்டே ஏறி ஜி ஷார்ப்பில் போய்ச் சேர்ந்தது. என் கை தானாக நின்றுவிட்டது.

"சோலோ இவருக்கு," என்றார் டாக்டர். பிறகு என் பக்கம் திரும்பினார். "கடைசியில ரிதத்த நிறுத்தி அவருக்கு எடம் விட்டீங்க பாருங்க, பன்னெண்டு வருஷத்துல இன்னிக்குத்தான் நீங்க வாசிச்சீங்க."

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

"அந்த எடம் என்னோடது இல்ல டாக்டர், சகலை எழுதிக் குடுத்தது," என்று சீட்டை எடுத்து எல்லோருக்கும் காட்டினார் சகலை. கை தட்டினார்கள், எனக்கு! சகலை என் பக்கம் திரும்பினார். "பிடிச்ச உடனே தப்புன்னு தோணுச்சு. ஆனா நீங்க எழுதினா அதுல ஒரு காரணம் இருக்கும்ல? அதான் விடாம தேடினேன். என்ன காரணம் சகலை? சொல்லுங்க, கத்துக்கறேன்."

காரணம் பொறாமை என்றா சொல்வேன்? வாய்க்கு வந்த ஒரு ஸ்கேல் பெயரைச் சொன்னேன். சகலை டாக்டரிடம் பேனா வாங்கி அதையும் எழுதிக்கொண்டார்.