இடது சக்கரமும் மூன்றாவது குறுக்குத் தெரு மழையும்

இரும்புலியூரில் மூன்றாவது குறுக்குத் தெருவில் மட்டும் நான்கு வருஷமாக மழை பெய்யவில்லை. பக்கத்துத் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடும். மூன்றாவது தெருமுனைக்கு வந்ததும் ஜனங்கள் குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார்கள். காரணம் எல்லோருக்கும் தெரியும். இன்ஷூரன்ஸ் ஆபீஸிலிருந்து ரிட்டயரான ஸ்ரீரங்கன் படகு வாங்கியிருந்தார்.

வெள்ளம் வந்த வருஷம் அவரையும் மனைவி ரமாவையும் யாரோ மொட்டை மாடியிலிருந்து படகில் ஏற்றி ஜி.எஸ்.டி. ரோட்டில் இறக்கிவிட்டார்கள். சொட்டச் சொட்ட நின்றபடியே, அடுத்த தடவை இந்தத் தெருவைத் தானே காப்பாற்றுவதாக அவர் சபதம் செய்தார். கோவளத்தில் ஒரு ஃபைபர் படகும், அதை ஏற்றி இழுக்க இரண்டு சக்கர டிரெய்லரும் வாங்கி வாசலில் நிறுத்தினார். அன்றோடு மழை நின்றது. மேகம் படகைப் பார்த்ததும் ஒதுங்கிப் போவதைத் துணி உலர்த்தப் போனவர்கள் தினமும் பார்த்தார்கள். லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்த தன் கோலத்தை நினைத்து ஸ்ரீரங்கனுக்கே சிரிப்பு வரும். மழைக்குக்கூடத் தன் மூஞ்சி பிடிக்கவில்லை என்று பால் பூத்தில் சொல்லிக்கொள்வார்.

முதல் வருஷம் வெள்ளம் வராததற்காகத் தெரு அவருக்குப் பொன்னாடை போர்த்தியது. பிறகு போர்வெல்கள் ஒவ்வொன்றாகக் காற்றை இறைக்க ஆரம்பித்தன. லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்று நின்று அலுத்துப்போன ஜனங்கள் சங்கக் கூட்டம் போட்டார்கள். ஐப்பசி முடிவதற்குள் படகு தெருவை விட்டு வெளியேற வேண்டும், இல்லாவிட்டால் டிரெய்லரை அறுத்துக் காயலான் கடைக்குப் போடுவோம் என்று செயலாளர் ஷ்யாம்சுந்தர் சொல்லிவிட்டார். வாழ்க்கையில் யாரையும் கேட்காமல் ஸ்ரீரங்கன் வாங்கிய ஒரே பொருள் அந்தப் படகு.

எடுத்துப் போகலாமென்றால் இடது சக்கரம் அசையவில்லை. தாம்பரத்தில் ஏறி இறங்காத ஒர்க்ஷாப் இல்லை. வண்டியைக் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்றார்கள். உருளாத வண்டியை எப்படிக் கொண்டுவருவது என்று கேட்டால், உருட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். கடைசியில் ராஜகீழ்ப்பாக்கம் குப்புராஜ் மனசு இரங்கி வீட்டுக்கே வந்தான். சக்கர நடுவிலிருந்த மூடியைத் தட்டிக் கழற்றியவன் சுத்தியலைக் கீழே வைத்தான்.

"இன்னா சார், பேரிங்குக்குள்ள சந்தனம் கீது?"

ஆயுத பூஜைக்கு எல்லோரும் சக்கரத்துக்கு வெளியேதான் பொட்டு வைப்பார்கள். ஸ்ரீரங்கன் எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. ஹோஸால் தண்ணீரைப் பீய்ச்சி, மூடியைத் திறந்து கிரீஸை வழித்துவிட்டு, உள்ளே சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தார். "பக்தி முத்திப்போச்சுப்பா," என்று குப்புராஜிடம் அசடு வழிந்தார்.

குப்புராஜ் ஏதோ ஒரு ஷேர் ஆட்டோ பேரிங்கை உள்ளே தள்ளி, நட்டைத் தன் பலம் கொண்டமட்டும் முறுக்கினான். ஸ்ரீரங்கன் தன் பழைய ஜீப்பில் மாட்டி இழுத்தார். பாதித் தெரு போவதற்குள் சக்கரம் புகைந்து நின்றுவிட்டது. படகு நகர்ந்த அளவுக்கு மழையும் வந்தது. படகு கடந்து வந்த பின்பாதி வீடுகளில் கொட்டித் தீர்த்தது. முன்பாதியில் இருந்த ஷ்யாம்சுந்தர் வீட்டுக்கு ஒரு பொட்டுகூட விழவில்லை. அவர் மூன்று வாரம் பின்பாதி வீடுகளுக்குக் குடத்தோடு நடந்தார்.

அந்த மூன்று வாரத்துக்குள்தான் ரமா படப்பையில் டிராக்டர் டிரெய்லர் ரிப்பேர் பார்க்கிற தனக்கோடியைக் கண்டுபிடித்தாள். தனக்கோடி புது பேரிங்கும் ஆயில் சீலும் எடுத்துக்கொண்டு தானே வந்தாள். உள்ளங்கையில் கிரீஸை வைத்து பேரிங்கின் இடுக்கெல்லாம் ஏற்றினாள். நட்டை முறுக்கி, பின்பு ஒரு துளி தளர்த்தினாள். நட்டு கழலாமல் பூட்டுகிற ஊசியை மாட்டும்போது உடைத்துவிட்டு ஊசி செய்தவனைத் திட்டினாள்.

"கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தித் தொட்டுப் பாரு சார். கை சுட்டுச்சுன்னா ஓட்டாத. மாசம் ஒருவாட்டி நம்ம கடைக்கு இட்டுனு வா."

ஸ்ரீரங்கன் அன்றே படகை அங்கே இட்டுக்கொண்டு போனார். ஜீப் தெருமுனை திரும்பியதும், நான்கு வருஷ மழை முழுத் தெருவிலும் இறங்கியது. ஷ்யாம்சுந்தர் வேட்டியோடு நடுத்தெருவில் உட்கார்ந்து நனைந்தார்.

அதற்குப் பின் டிரெய்லரை அறுப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. மாசம் ஒருமுறை, கிணற்றில் தண்ணீர் இறங்கினால் இரண்டு முறை, ஸ்ரீரங்கன் படகோடு படப்பைக்குப் போகிறார். அவர் வருகிற நாள் தெரிந்து அங்கே பெண்கள் வடாம் பிழிந்து காய வைக்கிறார்கள். தெருவைக் காப்பாற்ற நினைத்தவன் தெருவை விட்டுப் போனால்தான் தெருவுக்கு நல்லது என்று டீக்கடையில் அவரே சொல்லிச் சிரிப்பார். ஆனாலும், அதற்குப் பிறகு தன் வீட்டு வாசலில் மழை பெய்து ஒருநாள்கூடப் பார்க்க முடியாதது அவருக்கு உள்ளூர வலிக்கத்தான் செய்தது.

தெரு நிறைந்ததும் ரமா போன் பண்ணுவாள்.

"சம்ப் ரொம்பிடுத்து. கிளம்பி வாங்கோ."

"செத்த இரு. போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டு."

கை நனைகிறது என்று அலுத்துக்கொண்டே நீட்டுவாள். டீ ஆறும்வரை அவர் கேட்டுக்கொண்டிருப்பார்.