வெல்கோ வீட்டில் நின்ற தண்ணீர்

அரசாங்கத்திடம் பொய் சொன்னவன் எவனும் தப்பியதில்லை என்று வெர்போவோ நகராட்சி வாசலில் பளிங்கில் வெட்டி வைத்திருந்தார்கள். அந்த வசந்தத்தில் ஆறு பெருகியபோது முதலில் அடித்துக்கொண்டு போனது அந்தப் பளிங்கைத்தான்.

தலைநகர் சோஃபியாவில் வெள்ள நிவாரணம் அறிவித்ததும் மேட்டுத்தெரு வெல்கோவும் வரிசையில் போய் நின்றார். மேட்டுத்தெருவில் ஒரு துளி ஏறவில்லை. வீட்டில் மார்பளவுத் தண்ணீர், பாதிக்கப்பட்டது தானும் மனைவி ராட்காவும் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். இத்தாலியில் ஒரு கிழவரைக் குளிப்பாட்டிச் சோறூட்டும் வேலைக்கு ராட்கா போய் எட்டு வருடம். போன் வருவது நின்றே வெகுகாலம். ஆனால் அப்படிப் போன பெண்கள் யாருடைய பெயரையும் ஊர் நீக்குவதில்லை. நகராட்சிக் கணக்குப்படி எல்லோரும் அவரவர் அடுப்படியில்தான் இருந்தார்கள்.

மறுநாள் விடிந்தபோது வெல்கோ வீட்டில் மார்பளவுத் தண்ணீர் நின்றது. ஆற்றுத் தண்ணீர்தான், அதே கலங்கல். கதவைத் திறந்தாலும் வாசற்படியைத் தாண்டவில்லை. அவர் படுக்கையைப் பரணுக்கு மாற்றிக்கொண்டார். பக்கத்து வீட்டு மிட்கோ எட்டிப் பார்த்து, "ஏண்ணே, முழங்காலோட நிறுத்திச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டான்.

யாரோ போட்டுக்கொடுத்ததில், வேண்டுமென்றே செய்யப்பட்ட மோசடிகளை விசாரிக்கும் குழு மாவட்டத்திலிருந்து வந்து இறங்கியது. தலைவி திருமதி மிஹைலோவா ரப்பர் பூட்ஸோடு உள்ளே கால் வைத்தார், பூட்ஸ் நிறைந்தது. விதி எளிது. சொல்லும்போதே பொய்யென்று தெரிந்திருந்தால் மோசடி. அப்புறம் ஆயுளுக்கும் எந்த உதவியும் கிடையாது, குளிருக்கு விறகுகூட. ஆனால் கண்ணெதிரே நிற்கும் தண்ணீரைப் பொய்யென்று எழுத அவர்களுக்குக் கை வரவில்லை. கூடிக் கூடிப் பேசிவிட்டு, மனைவி விஷயத்தை மட்டும் திரும்பப் பெற்றால் போதும் என்று இறங்கி வந்தார்கள்.

"அவங்க இங்க இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கய்யா. நாங்க கிளம்பிடறோம்."

"தண்ணி வந்துச்சுல்லம்மா," என்றார் வெல்கோ. "அவளும் வருவா."

தடை விதித்துவிட்டுப் போனார்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க வெல்கோ விறகில்லாமல் பரணில் கம்பளிக்குள் கிடந்தார். கீழே தண்ணீர் உறையவுமில்லை, வடியவுமில்லை. பேருந்து வரும் நேரத்துக்கு முன்னால் தினமும் சவரம் மட்டும் செய்துகொண்டார்.

ஈஸ்டருக்கு முந்தைய வெள்ளிக்கிழமை ராட்கா பெட்டியோடு வந்து இறங்கினாள். கிழவர் போய்ச் சேர்ந்துவிட்டாராம். வெல்கோ தண்ணீருக்குள்ளிருந்து கை நீட்டினார். அவருக்கு மார்பளவு என்பது அவளுக்கு மூக்களவு. வாசற்படியில் வெகுநேரம் நின்று பார்த்தாள். இப்போது தபால் நிலையத்துக்கு மேலே வாடகை அறையில் இருக்கிறாள். ஞாயிறுதோறும் வாசல்வரை வந்து பேசிவிட்டுப் போகிறாள்.

அவளுக்கு நீச்சல் தெரியாது. பத்தொன்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தும் அது வெல்கோவுக்குத் தெரிந்திருக்கவில்லை.