புங்கமரம் விட்டுப்போன நிழல்

‘தானே’ புயல் சாய்த்த புங்கமரம் கடலூர் முதுநகரின் உப்பளத் தெருவை விட்டு லாரியில் போனது. அதன் நிழல் போகவில்லை. நம்பாதவர்கள் பஸ் ஏறி வந்து பார்க்கலாம். வந்தவர்கள் யாரும் மறுத்துப் பேசியதில்லை.

அது ஜெயராணி வைத்த மரம். 2004 கத்திரி வெயிலில் பக்கத்து வீட்டு அமிர்தம், வயிற்றுப்பிள்ளைக்காரி, குழாயடியில் குடத்தோடு சுருண்டு விழுந்தாள். தூக்கிக் கிடத்த அந்தத் தெருவில் கையகல நிழல் இல்லை. இனி ஒருத்தி இங்கே வெயிலில் விழக்கூடாது என்று ஜெயராணி அதே வேகத்தில் சிதம்பரம் போய்ப் புங்கங்கன்றை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். உப்பு மண்ணில் என்ன வளரும் என்று தெரு சிரித்தது. அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றியே அதை மாடி உயரம் ஆக்கினாள், கெட்டிக்காரி.

வினை வீட்டுக்குள்ளேயே இருந்தது. அவள் புருஷன் ஆரோக்கியராஜ் கரண்ட் ஆபீஸ் லைன்மேன். கம்பியைத் தொடும் கிளை பெண்டாட்டி வைத்த மரத்துடையது என்றாலும் வெட்டித்தான் ஆகவேண்டும். வெட்டிய நாட்களில் ஜெயராணி சோறு போட்டாள், முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் கிளை குறைந்ததே தவிர நிழல் ஒரு சாண்கூடக் குறையவில்லை.

“பாதி மரத்த வெட்டிட்டேன், நெழலு முழுசா கெடக்குதே” என்றான் ஆரோக்கியராஜ்.

“உங்க வேலை கம்பியோட. நெழலுக்கு நீங்க ஆபீசர் இல்ல” என்றாள்.

2011 கடைசியில் புயல் வந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் படுத்த அதே காற்றில் புங்கமும் வேரோடு விழுந்தது. எழவு வீட்டில்கூட ஜெயராணி அப்படி அழுததில்லை. இனி யாராவது விழுந்தால் எங்கே கிடத்துவது? ஆரோக்கியராஜே அறுத்து லாரியில் ஏற்றினான்.

மறுநாள் வெயில் ஏறியபோது நிழல் பழைய இடத்திலேயே கிடந்தது, இலைகள் காற்றுக்கு அசைந்தபடி. கம்பம் நட வெளியூரிலிருந்து வந்த ஆட்கள் அதில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார்கள். மரம் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை, பசி நேரம். அமிர்தம் வந்து குடத்தை அதில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினாள். ஜெயராணிக்குப் பெருமையில் நெஞ்சு விம்மியது.

கரண்ட் வந்ததும் ஆரோக்கியராஜ் தானே சிதம்பரம் போய்க் கன்று வாங்கி வந்து, கம்பிக்கு எட்டாமல் தள்ளி, நிழலுக்குள்ளேயே நட்டான்.

“நெழலுல வச்சா கன்னு எப்படி வளரும், மச்சான்?” என்று கேட்டார் எதிர்வீட்டு லூர்துசாமி.

“அது பாத்துக்கும்ணே” என்றாள் ஜெயராணி.

விடிந்தபோது நிழல் நடுவில் ஒரு முறத்தளவு விலகியிருந்தது. கன்றின் மேல் மட்டும் வெயில். ஜெயராணி அரிசி கழுவிய தண்ணீரை அதில் ஊற்றிவிட்டு, உலை வைக்கப் போனாள்.