மைதானத்துக்கு வந்த பிராங்க்ளின்

வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருந்த ஊர் அது. சிறுமலைக்குப் போகும் சாலையோரம், மாதா கோயில் மைதானத்தில், ராணுவத் தேர்வுக்குப் போகும் பிள்ளைகளுக்கு பிராங்க்ளின் என்ற வெளியூர்க்காரர் ஓட்டப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார். ஒட்ட வெட்டிய முடியையும் நிமிர்ந்த நடையையும் பார்த்து ஊரே அவரை 'மிலிட்டரிக்காரர்' என்றது.

ஓய்வுபெற்ற ஹவில்தார் ராயப்பராஜுக்கு மட்டும் உறுத்தியது. அவருடைய மகள் வினோலியாவும் இன்னும் சில பெண் பிள்ளைகளும் அங்கேதான் ஓடினார்கள். ஒருநாள் டீக்கடையில் பிராங்க்ளினைப் பிடித்தார்.

"தம்பி எந்த ரெஜிமெண்ட்?"

"அதெல்லாம் எதுக்குண்ணே" என்ற பிராங்க்ளின், பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அன்றிலிருந்து ராயப்பராஜ் அந்த ஆளைக் கவனிக்கத் தொடங்கினார். மிலிட்டரி கேன்டீன் வரிசையில் ஒருமுறைகூடக் கண்டதில்லை. முன்னாள் ராணுவத்தினர் கூட்டத்துக்குக் கூப்பிட்டபோது காய்ச்சல் என்றார். அன்று மாலையே மைதானத்தில் அவருடைய விசில் சத்தம் கேட்டது. வேஷம் போடுகிறவனுக்குப் பொம்பளப் பிள்ளைகளிடம் என்ன வேலை? டீக்கடையில் இதை வாய்விட்டே கேட்டார். பங்குத்தந்தையிடமும் போய்ச் சொன்னார். மறுநாள் மைதானத்தின் கேட்டில் பூட்டு தொங்கியது.

வினோலியா ஷூவைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள்.

"சாரைப் பத்தி ஃபாதர்ட்ட என்ன சொன்னீங்க?"

"அவன் பட்டாளத்துலயே இல்ல. ஊரை ஏமாத்துறான்."

"எங்ககிட்ட மொத நாளே சொல்லிட்டாருப்பா. ட்ரெயினிங்லயே ஒரு காது கேக்காமப் போயி, திருப்பி அனுப்பிட்டாங்களாம். மிலிட்டரிக்காரர்னு சொன்னது நீங்கள்லாந்தான். அவரு சொல்லவே இல்ல."

ராயப்பராஜ் பிராங்க்ளினின் அறைக்குப் போனபோது அவர் பையில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"எங்கிட்ட ஏன் தம்பி சொல்லல?"

"எல்லையில நின்னவருண்ணே நீங்க. பாதியில வந்தவன் ஒங்க முன்னாடி என்னன்னு சொல்றது? கூச்சமா இருந்துச்சு."

"போகாத. ஃபாதர்ட்ட நான் பேசுறேன்."

பேசினார். தான் சொன்னது தப்பு என்றார். கேட் திறந்தது, பிராங்க்ளினும் தங்கினார். ஆனால் பெண் பிள்ளைகளை வீட்டார் மைதானத்துக்கு விடவில்லை. ராயப்பராஜ் ஒவ்வொரு வாசலாக ஏறிச் சொல்லிப் பார்த்தார்.

"அந்தாளு சரியில்லன்னு நீங்கதானண்ணே சொன்னீங்க? இப்ப என்ன, ஒங்களயும் சரிக்கட்டிட்டானா?" என்று கேட்டார்கள்.

அந்த வாரம் மைதானத்தில் பையன்களுக்குப் பின்னால் வினோலியா மட்டும் தனியாக ஓடினாள். ராயப்பராஜ் கேட்டருகே நின்றார். மகள் அவர் பக்கம் திரும்பவே இல்லை.