உள்வெளியாய் வந்த சிள்வண்டு

ஹிராகுரிக்கு வாய் கொஞ்சம் நீளம். தொயோஹாஷி நகரத்துக் காகித மடிப்புச் சங்கத்தில் எட்டு வருஷமாக அந்த வாயைச் சகித்துக்கொண்டு வந்தாள் நனாவோ. நகரப் பேருந்து ஓட்டுகிறவள். கை அப்படி ஒரு சுத்தம். ஹிராகுரி மடிப்பு வரைபடம் போட்ட நண்டையும் வண்டையும் அவரைவிட அழகாக மடிப்பாள். ஆனால் கண்காட்சி மேசையில் ஒவ்வொரு உருவத்துக்கும் முன்னால் ஒரு சீட்டு வைப்பார்கள். மேல் வரியில் வடிவமைத்தவர் பெயர், கீழ் வரியில் மடித்தவர் பெயர். அவள் பெயர் எப்போதும் கீழ் வரியில்தான்.

"சமையல் குறிப்பு என்னோடது, கரண்டி பிடிச்சது நனாவோ-சான்" என்று மருந்துக்கடைக்காரரான அவர் சிரிக்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த ஆகஸ்டில் டோக்கியோ கண்காட்சிச் சீட்டில் இரண்டு வரியிலும் தன் பெயர்தான் என்று முடிவு கட்டினாள். ஊரெல்லாம் கத்தித் தீர்க்கிற பழுப்புச் சிள்வண்டைத் தேர்ந்தெடுத்து, மடிப்பு வரைபடத்தையும் தானே வரைந்தாள். கத்தரி படாத ஒரே சதுரத் தாள். ஒரு பக்கம் பழுப்பு, மறு பக்கம் வெள்ளை. நெடுக்கே அறுபத்துநான்கு, குறுக்கே அறுபத்துநான்கு என்று கட்டம் மடிக்கவே நான்கு நாள் விடுமுறை போயிற்று. பிறகு ஒவ்வொரு கட்டமாக நெருக்கி ஆறு காலுக்கும் இறக்கைக்கும் தாளை ஒதுக்கினாள். பழுப்புப் பக்கம் அவள் முகத்தைப் பார்த்தபடியே இருந்ததில் தைரியமாகவும் இருந்தாள்.

கண்காட்சிக்கு முந்தின நாள் கடைசி மடிப்பைப் போட்டு வயிற்றை மூடினாள். பழுப்பு முழுக்க உள்ளே போய்விட்டது. வெளியே உட்கார்ந்திருந்தது சுண்ணாம்பு அடித்த மாதிரி ஒரு வெள்ளைப் பூச்சி.

வரைபடத்தை எடுத்துப் பார்த்தாள். மேடாக வரவேண்டிய மடிப்புக்குச் சிவப்புக் கோடு, பள்ளத்துக்கு நீலம் என்பது சங்கத்தில் நேற்றுச் சேர்ந்தவருக்கும் தெரியும். அவள் முழுப் படத்திலும் நிறங்களை மாற்றி வரைந்திருந்தாள். இனித் திருப்பி மடித்தால் மூலைகள் பிய்ந்துவிடும். ஆறிப்போன பார்லித் தேநீரை முன்னால் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். அப்புறம் பிடிவாதம் வந்தது. ஒரு சோற்று உருண்டையைத் தின்றுவிட்டுப் பூச்சியைப் பெட்டியில் வைத்துக் கட்டினாள்.

மறுநாள் மண்டபத்தில் ஹிராகுரி நேராக அவள் மேசைக்குத்தான் வந்தார். சீட்டைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். கிண்டல் எந்த நிமிஷம் வரும் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"சிள்வண்டு கூட்டை உடைச்சிட்டு வெளிய வந்த அன்னிக்கு, இறக்கை காயறதுக்கு முன்னாடி இருக்கிற நிறம்" என்றார் மெதுவாக. "பழுப்புல பத்துப் பேர் மடிச்சிருக்காங்க. இதை எவனும் மடிச்சதில்ல. எப்படிம்மா தோணுச்சு?"

தலையை ஆட்டியிருந்தால் போதும். எட்டு வருஷக் கணக்கு நேராகியிருக்கும். ஆனால் அவளுக்குப் பொய் வாயில் வரவில்லை.

"தோணல. சிவப்பையும் நீலத்தையும் மாத்தி வரைஞ்சிட்டேன். இது தப்பு."

ஹிராகுரி சிரித்தார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். அவள் காது சிவந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் இன்னொரு தடவை குனிந்து பார்த்தார்.

"அந்த வரைபடத்தை எனக்குக் குடுங்க" என்றார். "திருத்திடாதீங்க. இருக்கிறபடியே வேணும்."

பையில் இருந்த தாளை எடுத்து நீட்டினாள்.

அடுத்த மாதச் சங்கக் கூட்டத்தில் ஹிராகுரி ஒரு வெள்ளைச் சிள்வண்டைக் கொண்டுவந்து வைத்தார். சீட்டின் மேல் வரியில் நனாவோ, கீழ் வரியில் ஹிராகுரி. அவள் அதை மூன்று முறை படித்தாள். பிறகு பூச்சியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பின்னங்கால் ஒன்று கொஞ்சம் குட்டையாக இருந்தது.

"குறிப்பு நல்ல குறிப்புதான்" என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி. "கரண்டி பிடிச்ச கைதான் கொஞ்சம் சரியில்ல."